வரப்பில் நடக்கும் பாதம்

சம்பா நடவுக் காலத்தில் தஞ்சைத் தரணியின் வயல்களைப் பாருங்கள். நாற்று முடிகளைச் சுமந்து, வழுக்கும் வரப்பின்மேல் வெறுங்காலுடன் விரைகின்றனர் உழவர். அவர்களைத் தாங்குவது பாதத்தின் அமைப்பே.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன: பின்புறம் கணுக்கால் எலும்புகள் 7; நடுவே நீண்ட எலும்புகள் 5; விரல் எலும்புகள் 14. கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. வரப்பின் சரிவுக்கேற்பப் பாதம் பக்கவாட்டில் சாய்வதற்கோ, அதற்கடியில், குதிகால் எலும்பின்மேல் அமைந்த மூட்டே முதன்மையாக உதவுகிறது.

இம்மூட்டுகளின் அருமை காலிழந்த உழவருக்கே நன்கு விளங்கும். மேனாட்டு முறையில் செய்த பழைய செயற்கைப் பாதம் காலணிக்குள் பொருந்துவது, விறைப்பானது. அதனுடன் சேற்றில் இறங்குவதும், குந்தி அமர்வதும் அரிது. இக்குறையைப் போக்க, 1968ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுவை மருத்துவர் பி. கே. சேத்தியும் ரப்பரும் மரமும் கொண்டு, பல திசைகளிலும் வளையும் பாதம் ஒன்றை உருவாக்கினர். காலணியின்றியே அதனுடன் ஈர வயலில் நடக்கலாம்.

ஆதலின், எலும்புகளின் பெயர்களை மனனம் செய்வதோடு நில்லாதீர்கள். ஒவ்வொரு மூட்டும் எந்த மண்ணில், எந்தத் தொழிலுக்கு உதவுகிறது என்று கேளுங்கள். அவ்வாறு கற்ற கல்வியே பிறர் துயர் துடைக்கும்.