சட்டைப் பையில் ஒரு சங்கம்

தமிழர் எந்த ஊரில் குடியேறினாலும் முதலில் ஒரு கோயிலைத் தேடுவர், அடுத்து ஒரு சங்கத்தை அமைப்பர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ஆம் ஆண்டிலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-ஆம் ஆண்டிலும் தோன்றின. அந்நாளில் கூட்ட அறிவிப்பு அஞ்சலட்டையில் வரும். பேச எழுபவர் தலைவரின் இசைவு பெற்றே பேசுவார். இன்றோ, ஒரு குடியிருப்பில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தால் அங்கே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். சங்கம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. சங்கத்தின் ஒழுங்குமுறைதான் உடன் வரவில்லை.

நேயர்களே, அயல் மாநிலத்தில் வாழ்வோருக்கு இக்குழு வெறும் பொழுதுபோக்கு அன்று. நள்ளிரவில் ஒருவருக்குக் குருதி தேவைப்படலாம். ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்து, சடங்கறிந்தவரை உடனே தேட வேண்டியிருக்கலாம். புதிதாக வந்திறங்கிய இளைஞருக்குத் தங்க ஓர் அறை வேண்டியிருக்கலாம். உறவினர் தொலைவில் இருக்கையில் இவற்றுக்கெல்லாம் குழுவே உறவு. ஆனால் காலை வணக்கப் படங்கள் நாற்பதும், அரசியல் வாதங்கள் அறுபதும் நாள்தோறும் வந்து குவிந்தால் என்னாகும்? சலிப்புற்றவர் குழுவின் ஒலியை அடக்கி வைத்துவிடுவார். குருதி கேட்டு வந்த செய்தி அவர் கண்ணில் மறுநாள்தான் படும். வீண் பேச்சின் உண்மையான விலை இதுவே.

இதற்கு எளிய வழி, குழுவை இரண்டாகப் பிரிப்பதாகும். ஒன்று அறிவிப்புக்கு, மற்றொன்று உரையாடலுக்கு. நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி ஒரு குழுவை அமைக்கும் வசதி 2018 முதல் உண்டு. அறிவிப்புக் குழுவின் ஒலியை எவரும் அடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். நம்மவருள் பணியிட மாற்றம் பெறுவோர் மிகுதியாதலால், நிர்வாகிகள் மூவரேனும் இருத்தல் நன்று. நிர்வாகி ஒருவரே இருந்து அவரும் விலகிவிட்டால், செயலி தானாகவே உறுப்பினர் ஒருவரை அப்பொறுப்பில் அமர்த்திவிடும். அவர் பொறுப்புக்கு ஏற்றவரா என்று அது பாராது.

குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அவருடைய தொலைபேசி எண் மற்ற உறுப்பினர்க்குத் தெரிய வரும். ஆதலின், முன்னதாக அவர் இசைவைக் கேட்பது கடமை. பெண்கள் திறத்தில் இது இன்றியமையாதது. தவறு செய்தவரைப் பலர் முன் கடியாமல் தனியே சொல்லித் திருத்தலாம். தகாத செய்தியை எல்லார் பார்வையிலிருந்தும் நீக்கும் அதிகாரம் நிர்வாகிக்கு உண்டு. அயல் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் தமிழ் பேசியும் படிக்க அறியாதவர் பலர் உள்ளனர். முக்கிய அறிவிப்பைக் குரற்பதிவாகவும் அனுப்பினால் அவர்களும் நம்மோடு இணைவர்.

இனி, எல்லாவற்றினும் பெரிய இடர் வதந்தியே. 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தியால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறினர். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திக்கு ஐந்து என்ற வரம்பை அரசு அன்று விதிக்க நேர்ந்தது. 2018-இல் பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்ற பொய் பல மாநிலங்களில் உயிர்களைப் பலிகொண்டது. மாண்டவருள் பலர் அவ்வூருக்குப் புதியவர். அதே ஆண்டில்தான் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு கட்டியது. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகளே நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

வதந்தி முதலில் அயலானையே தேடி வரும் என்பதை இவை காட்டுகின்றன. இங்கே நாமும் அயலார்தாம். 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலால் பெங்களூரில் கலவரம் மூண்ட நாட்களை அங்குள்ள தமிழர் மறந்திரார். அத்தகைய நாளில், எங்கோ என்றோ எடுத்த ஒரு காணொளியை நாம் நம் குழுவில் இட்டால், நம் வீட்டாரையே நாம் அச்சுறுத்துகிறோம். அதுவே அண்டை வீட்டாரின் குழுவுக்கும் சென்றால், பகையையும் மூட்டிவிடுகிறோம். ஆகவே, பலமுறை அனுப்பப்பட்டது என்ற குறியுடன் வரும் செய்தியைக் கண்டால் சற்றே நில்லுங்கள். எந்த ஊர், எந்த நாள், கண்டவர் யார் என்று கேளுங்கள். விடை இல்லையேல் அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள். காவல்துறையின் அறிவிப்பையும், சம்பவ இடத்தில் வாழும் நம்மவரின் சொல்லையும் ஒப்பிட்ட பிறகே நிர்வாகி அதை அறிவிப்புக் குழுவில் இடலாம்.

உறுப்பினர் இட்ட தகாத செய்திக்கு, நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் ஒருவர் குற்றவாளியாகார் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. சட்டம் அவரை விடுவிக்கலாம். ஆயினும் குழுவை நம்பியிருக்கும் குடும்பங்கள்பால் அவருக்குள்ள கடமை நீங்குவதில்லை. அக்கடமையில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. வீண் செய்தி ஒன்றை அனுப்பாமல் விடுவதும் சங்கத்துக்குச் செய்யும் தொண்டே ஆகும்.