சந்தையும் நாணயமும்



சிலப்பதிகாரத்திலே புகார் நகரத்து நாளங்காடி பற்றிப் படிப்பிக்கும்போது மாணவர்கள் ஆவலோடு கேட்பார்கள். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரச்சோலையிலே கூடிய பகற்சந்தை அது. "சேர், அது எப்பிடி இருந்திருக்கும்?" என்று அண்மையில் ஒரு மாணவன் கேட்டான். "காலமையில சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்ப் பார்" என்றேன். சொன்ன பிறகு நானும் ஒருநாள் போனேன்.

கண்டி வீதியோரமாக, தென்மராட்சியின் நடுவே அமைந்த சந்தை அது. தென்மராட்சி என்றால் மாவும் பலாவும் அல்லவா? பருவகாலத்திலே கறுத்தக்கொழும்பானின் வாசம் நமக்கு வழி காட்டும். வாழைக்குலைகள், முருங்கைக்காய்க் கட்டுகள், பனங்கட்டிக் குட்டான், ஒடியல், பனாட்டு என்று கண் நிறைந்துவிடும்.

ஆனால், அந்தச் சந்தை எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது 15. இலட்சக்கணக்கானோரோடு நாங்களும் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தோம். மூன்றாம் நாள் அம்மாவோடு சந்தைக்குப் போனேன். சொன்னதே விலை என்றிருந்த நேரம். ஓரத்திலே ஓர் ஆச்சி கடகம் நிறையப் புழுக்கொடியலோடு இருந்தார். இரட்டிப்பு விலை கேட்டிருந்தாலும் சனம் வாங்கியிருக்கும். அவரோ பழைய விலையையே சொன்னார். அளந்து போட்டபின், மேலும் இரண்டு கை அள்ளிப் போட்டார். அம்மா தயங்கினார்.

"கொண்டு போ பிள்ளை. வந்த சனத்தின்ரை வயித்தில அடிச்சு நான் என்னத்தைக் கட்டப்போறன்?" என்றார் ஆச்சி.

வாங்கும்போது கூடுதலாக எடுக்காத, விற்கும்போது குறைத்துக் கொடாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. அந்த ஆச்சியின் கை தெரிந்தது.

2000 ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரம் சிதைந்துபோயிற்று. பின்பு சனம் திரும்பியது. சந்தையும் திரும்பக் கூடியது. நாணயமும் அவ்வாறே திரும்பியதா?

குடாநாட்டுச் சந்தைகள் பலவற்றிலே 100 கிலோ மரக்கறிக்கு 10 கிலோவைக் 'கழிவு' என்று கழிக்கின்றார்கள் எனக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். அழுகல், காம்பு, மண் எல்லாம் எங்களுக்குத்தானே நட்டம் என்பது வியாபாரிகளின் வாதம். அதிலும் சிறிது நியாயம் உண்டு. ஆனால், அன்று பறித்த நல்ல கத்தரிக்காய்க்கும் அதே கழிவா? வேறொரு சந்தையிலே கண்ட என் பழைய மாணவன், இப்போது தோட்டக்காரன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "சேர், நீங்கள் படிப்பிச்ச பட்டினப்பாலை இஞ்ச செல்லாது."

எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில், அன்று சாவகச்சேரியிலே ஒரு மூதாட்டியிடம் இருபது ரூபாவுக்காகப் பேரம் பேசி, வென்று, மகிழ்ந்து வந்தவன் நான். அவரிடமும் ஒரு கடகந்தான் இருந்தது. கழிவு எடுப்பவர் வியாபாரி மட்டுமல்லர்.

நேயர்களே, சந்தைக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். பண்டங்களின் பெயர்களை மாத்திரமல்ல, நாம் காசு கொடுக்கும் விதத்தையும் அவர்கள் அங்கேதான் படிக்கின்றார்கள். அடுத்த முறை அந்த மூதாட்டியைத் தேடிப் போகவிருக்கிறேன். கேட்ட விலையைக் கொடுக்க.