ஐந்து வாட் போதும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, ஓய்வூதியதாரர்களுக்கான வருமான வரி பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? அவரோ, “ராத்திரி உங்க ஹால்ல அகல் விளக்கு மாதிரி ஏதோ எரியுதே சார், பாட்டும் வருதே, அதைப் பத்திப் பேசுங்க” என்றார்.

முதலில் ஒரு வாக்குமூலம். மூன்று வருஷத்துக்கு முன், ‘மேல் வீட்டிலிருந்து தடதட சத்தம்’ என்று சங்கத்துக்கு ஒரு புகார் வந்து, பெயர் போடாமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்களே, நினைவிருக்கிறதா? அந்த மேல் வீடு என்னுடையதுதான். ஓய்வு பெற்ற பணத்தில் சப்வூஃபரோடு ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்கியிருந்தேன். பெட்டியின் மேல் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருந்தது. அப்போது கீழ் வீட்டு மாமிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, ஹாலிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். என் சப்வூஃபருக்கு நேர் கீழே அந்தக் கட்டில். பாடுகிறவர் குரலைக் கான்கிரீட் தளம் ஓரளவு தடுத்துவிடும். அடித்தொனி அதற்குள் புகுந்து இறங்கிவிடும். அவர் மகன் மாடியேறி வந்து சொன்னபோது, “என் வீட்டில் நான் பாட்டுக் கேட்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் லிஃப்டில் பார்த்தால் அவர் ஃபோனைப் பார்ப்பார், நான் மாடி எண்ணைப் பார்ப்பேன். ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

செட்டைப் பாதி விலைக்கு விற்றேன். பாட்டை விட முடியவில்லை. அப்போதுதான் அப்பா வைத்திருந்த வால்வு ரேடியோ ஞாபகம் வந்தது. ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வு சூடாக வேண்டும். அரை நிமிஷம் கழித்து, தூரத்திலிருந்து நடந்து வருவது போல விவித் பாரதி மெல்ல வரும். ஸ்டேஷன் சரியாக நின்றால் பச்சைக் கண் ஒன்று சுருங்கும். அதை வேடிக்கை பார்க்கவே எங்களுக்குள் சண்டை.

அந்த வால்வில் என்ன நடக்கிறது? கண்ணாடிக் குழாயில் காற்றை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு கம்பியைச் சூடாக்குகிறார்கள். சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் ஒரு வலை. பாட்டின் சின்ன மின்சாரத்தை அந்த வலையில் கொடுத்தால், அது குழாயடித் திருகு போலப் பெரிய ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வெள்ளைக்காரன் அதை வால்வு என்கிறான். அமெரிக்காவில் டியூப் என்கிறார்கள். இரண்டும் ஒன்றே.

நான் வாங்கியது இ.எல்.84 என்ற வால்வு போட்ட சீன ஆம்ப்ளிஃபயர். விலை 15,000 ரூபாய். பக்கத்துக்கு ஒரு பவர் வால்வு, 5 வாட்டுக்குள்தான் தரும். “ஆயிரம் வாட்டை வித்துட்டு அஞ்சு வாட்டா?” என்று வீட்டில் சிரித்தார்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஸ்பீக்கர் 88 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். அதுவே அதட்டுகிற சத்தம். நம் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க 70 போதும். அதற்கு ஒரு வாட்டில் சின்னப் பங்குகூடச் செலவாகாது. மிச்சமெல்லாம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விழும் அடிக்காகக் கையிருப்பு.

ஒன்றை மறைக்கக் கூடாது. கருவி வைத்து அளந்தால், மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கூட இதைவிடத் துல்லியம். இதில் கலப்படம் உண்டு. ஆனால் அந்தக் கலப்படத்தில் பெரும்பங்கு மூல ஸ்வரத்தின் இரட்டிப்பு அதிர்வு. ஷட்ஜம் வாசித்தால் மேல் ஷட்ஜம் லேசாகச் சேர்ந்து ஒலிக்கும். தம்புராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது குற்றமாகத் தோன்றுவதில்லை. எனக்குப் பிடிக்கிறது. உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி மேம்படுத்திய கதை. பழக்க தோஷம், எல்லாவற்றுக்கும் பற்று வரவு எழுதி வைத்திருக்கிறேன். முதல் செலவு, யாரோ சொன்னார்கள் என்று பழைய ஐரோப்பிய வால்வு செட், 7,000 ரூபாய். மாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எப்பங்க மாத்தப் போறீங்க?” என்றாள். வாராக்கடன் என்று எழுதிவிட்டேன்.

இரண்டாவது, ஸ்பீக்கர். என்னுடையது 84 டெசிபல். 90 டெசிபல் உள்ள ஜோடி ஒன்று பழைய விலைக்கு 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும். 6 டெசிபல் கூடினால் நாலு மடங்கு. அதாவது என் 5 வாட், 20 வாட் வேலையைச் செய்ய ஆரம்பித்தது. முதல் தடவையாக வயலின் தனியாக, மிருதங்கம் தனியாக நின்றது. கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறதா? முழுவதையும் இங்கேயே போடுங்கள். அதன் பிறகு சிக்னல் போகும் வழியிலுள்ள நாலு கெபாசிட்டரை மாற்றியதில் கொஞ்சம் தெளிவு கூடியது. செலவு ஆயிரத்துக்குள்.

அடுத்தது நான் வெட்கப்பட வேண்டிய கதை. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் இருந்தது. பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். கழற்றினேன், நின்றது. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். பேரன் லீவுக்கு வந்திருந்த சமயம். ரிச்சி தெருவில் ரேடியோ பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கெபாசிட்டர் மாற்ற எடுத்துப் போனபோது பிளக்கைப் பார்த்துவிட்டார். “உள்ளே முந்நூறு வோல்ட் ஓடுது. ஒரு வயர் விட்டு இந்தத் தகரப் பெட்டியில பட்டா, தொடற ஆள் போயிடுவான். உங்க வீட்ல குழந்தை இருக்கா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரைச்சலுக்குக் காரணம் டி.வி. செட்டாப் பாக்ஸ். அதன் கேபிள் வழியாக இன்னோர் எர்த் வந்து சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பை எடுத்ததும் சத்தம் போயிற்று, எர்த்தும் திரும்ப வந்தது.

அவரே இன்னொன்றும் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் 220 வோல்ட்டுக்கு வைத்திருந்தது. நம் பிளாக்கில் இரவில் 240-ஐத் தாண்டுகிறது. வால்வுக்கு அது அதிகச் சூடு, ஆயுள் குறையும். டிரான்ஸ்ஃபார்மரிலேயே 240-க்கு ஒரு முனை இருந்தது. மாற்றிக் கொடுத்து 300 ரூபாய் வாங்கினார். என் கணக்குப் புத்தகத்தில் இதைவிட நல்ல செலவு கிடையாது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஸ்பீக்கர் இணைக்காமல் ஸ்விட்ச் போடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், நீங்களாகத் திறக்க வேண்டாம். ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள், காற்று வேண்டும். வால்வைத் தொட்டால் கொப்புளம் வரும், கம்பிக் கூண்டைக் கழற்றாதீர்கள். மே மாதத்தில் ஹால் இன்னும் கொஞ்சம் சூடாகும், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. மின்சாரம் சுமார் 60 வாட், நாலு மணி நேரம் கேட்டால் கால் யூனிட்.

போன தீபாவளிக்கு பட்சணம் எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, “பத்து நிமிஷம் உங்க ஹால்ல உட்காரலாமா?” என்றேன். மேலே மனைவி வழக்கமான சத்தத்தில் ஒரு கச்சேரியைப் போட்டாள். பாட்டு கேட்கவில்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மட்டும் லேசாகக் கேட்டது. ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுத்து, ரப்பர் வைத்த மர ஸ்டாண்டில் ஏற்றி, மறுபடி கீழே வந்து உட்கார்ந்தேன். அதுவும் அடங்கிவிட்டது. மாமி கட்டிலிலிருந்தே, “இப்ப ஒண்ணுமே கேக்கலியே, கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லுங்கோ, யார் பாடறான்னு பார்ப்போம்” என்றார். மகன் சிரித்துவிட்டார்.

கடைசியாக, உங்கள் பரணில் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த வால்வு ரேடியோ கிடந்தால், ஆசைப்பட்டு நேரே பிளக்கில் செருகிவிடாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த கெபாசிட்டர் கசியும், உள்ளே எரிந்துபோகும். என்னிடம் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெரு போகிறேன், காரில் இன்னும் இரண்டு பெட்டிக்கு இடமிருக்கிறது.