பூக்கடைக் கன்னடமும் ஞாபகமும்



சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், என் தாயாரை ஞாபகப் பரிசோதனைக்காக மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அவருக்கு வயது 72. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் சில மாதங்களாகவே மிகுந்து வந்தன. பரிசோதித்த இளைஞர் கன்னடத்தில் மூன்று சொற்களைக் கூறி, சற்று நேரங்கழித்து அவற்றைத் திரும்பச் சொல்லுமாறு கேட்டார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. இன்று என்ன தேதி என்று கேட்டார். அதற்கும் விடையில்லை. தாளில் மதிப்பெண் மிகக் குறைவாகவே விழுந்தது.

வெளியே வந்து, "இன்றைக்கு என்ன நாள், அம்மா?" என்று கேட்டேன். "பதினெட்டாம் பெருக்குப் போய் மூணாம் நாள். அதுகூடத் தெரியாமலா ஆபீசுக்குப் போறே?" என்றார்.

வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து மணமாகிப் பெங்களூருக்கு வந்தவர் அவர். நாற்பது ஆண்டுகள் அலசூரில் பூக்கட்டி விற்றவர். பள்ளிக்கூடம் கண்டதில்லை. ஆயினும் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் சரளமாகப் பேசுவார். அவர் அறிந்த கன்னடம் முழத்துக்கும் விலைக்கும் உரிய கன்னடம். பரிசோதனைத் தாளிலிருந்ததோ ஏட்டுக் கன்னடம். அந்த இளைஞர் அளந்தது ஞாபகத்தையா, மொழியையா?

ஞாபகம் என்பது ஒரே பொருளன்று என்பதை உலகுக்கு உணர்த்தியவர், எச்.எம். என்னும் எழுத்துக்களால் நெடுங்காலம் குறிப்பிடப்பட்ட அமெரிக்கர் ஒருவர். காக்காய் வலிப்பினால் துன்புற்ற அவருக்கு 1953-ல், தமது 27-ஆம் வயதில், மூளையின் இரு பக்கத்திலும் பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் ரண சிகிச்சை நடந்தது. வலிப்புக் குறைந்தது, ஆனால் அதன் பிறகு நிகழ்ந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தின் ஓரத்தைக் கோடிட்டு வரும்படி அவரைப் பழக்கினார். நாளுக்கு நாள் அவர் கை தேறிற்று. ஆயினும் ஒவ்வொரு நாளும், இத்தகைய வேலையைத் தாம் முன்பு செய்ததே இல்லை என்றார்! கைப்பழக்கத்தின் ஞாபகம் ஓரிடம், நிகழ்ச்சிகளின் ஞாபகம் வேறோரிடம் என்பது அதனால் விளங்கிற்று. அவர் 2008-ல் மறைந்த பின்னரே ஹென்றி மோலைசன் என்ற அவர் பெயர் வெளியாயிற்று. என் தாயாரின் விரல்கள் இன்றும் மல்லிகையைத் தவறின்றித் தொடுக்கின்றன. காலையில் யாருக்குக் கட்டித் தந்தோம் என்பது மாலையில் அவருக்கு நினைவில்லை.

இந்த இயலுக்கும் நாம் குடியேறிய நாட்டுக்கும் பழைய உறவுண்டு. மைசூர்ச் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்த எம்.வி. கோபாலசாமி, 1935-ல் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்து, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டார். வானொலியில் பேசும் நான் அவரை நினையாமல் இருக்கலாகாது. பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிலையம் தோன்றிற்று. 1974-ல் அது பக்கத்திலிருந்த மனநோய் மருத்துவமனையோடு இணைந்து, இன்று நிமான்ஸ் என்று நாம் அழைக்கும் நிலையமாயிற்று.

அந்நிலையத்தில் நரம்பியல் பேராசிரியராகப் பின்னர் வந்தவர் சுவர்ணா அல்லாடி. அதற்கு முன் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் பணியாற்றியபோது, அவரும் துணைவர்களும் மறதி நோயுற்ற 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்தனர். முடிவு 2013-ல் வெளிவந்தது. ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசுவோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதித்துத் தொடங்கியிருந்தது. மூன்றாவது, நான்காவது மொழிகளால் கூடுதல் பயன் காணப்படவில்லை. எழுத்தறியாதவர்களிடமும் இவ்வேறுபாடு இருந்தது என்பதே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

இதற்கு முன்பே, 2007-ல், கனடாவில் டொராண்டோ நகரத்தில் எல்லன் பியாலிஸ்டாக் என்பவர் இத்தகைய முடிவைக் கூறியிருந்தார். ஆனால் அங்கே இருமொழியாளர் பலரும் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். ஊர்விட்டு ஊர் வரத் துணிந்தவர்களின் ஊக்கமே காரணமாயிருக்கலாமே, மொழிக்கு ஏன் பெருமை என்று சிலர் ஐயுற்றனர். ஹைதராபாத்திலோ, பிறந்த ஊரிலேயே தெலுங்கும் உருதுவும் இந்தியும் கலந்து வாழ்கின்றன. குடிபெயராமலே பல மொழி பேசுகிறார்கள். ஆகையால் அந்த ஐயத்துக்கு அங்கே இடம் குறைவு.

இரு மொழி அறிந்தவன் ஒன்றைப் பேசும்போது மற்றொன்றை அடக்கி வைக்க வேண்டியிருப்பதால், மூளையின் கவனிப்பு ஆற்றல் ஓயாது பயில்கிறது என்பது ஆராய்ச்சியாளர் சொல்லும் விளக்கம். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அது புதுமையன்று. மாலையில் வீட்டில் தேங்காயைக் கேட்க வாய் திறந்தால் கன்னடச் சொல் முந்திக்கொள்கிறது. ஆயினும் இதைத் தீர்ந்த முடிவாக நான் சொல்லத் துணியேன். நோயில்லாதவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறு சில ஆராய்ச்சிகளில் இந்தத் தாமதம் தென்படவில்லை. ஹைதராபாத் ஆராய்ச்சியும் நோய் வராது என்று சொல்லவில்லை. பிந்தி வந்தது என்றே சொல்கிறது.

வந்தபின் செய்யத்தக்கது ஒன்றுண்டு. முதியவர்களை அழைத்துச் செல்லும் நேயர்கள், அவர்கள் எந்த மொழியில் எண்ணுகிறார்கள், பள்ளியில் படித்தவர்களா இல்லையா என்பதை முதலிலேயே மருத்துவரிடம் கூறிவிடுங்கள். பேரக் குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பாட்டி தடுமாறினால் பிள்ளை விடையையே எடுத்துக் கொடுத்துவிடும். என் மருமகன் அவ்வாறுதான் செய்தான்.

ஒரு மாதங்கழித்துத் தமிழ் அறிந்த மருத்துவர் ஒருவரிடம் தாயாரைக் காட்டினேன். தமிழ் மாதமும் நாளும் சரியாகச் சொன்னார். மூன்று சொற்களில் இரண்டு வந்தன. மூன்றாவது, எவ்வளவு காத்திருந்தும் வரவில்லை. மறதி இருக்கிறது, ஆனால் முதல் தாள் காட்டிய அளவு இல்லை என்றார் மருத்துவர். ஆறு மாதங்கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அதற்கான சீட்டின் தலைப்பில் 'தமிழ்' என்று எழுதி வாங்கி வந்திருக்கிறேன்.