முப்புரிச் சுருள்



கவியரங்கில் புரதத்திற்கு என்ன வேலை என்பீர்கள். உண்டு.

ஜி. என். இராமச்சந்திரன் சர் சி. வி. இராமனிடம் பயின்றவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு இயற்பியல் பேராசிரியராக வந்தவர். உயிரியலர் அல்லர். தோலுக்கும் எலும்புக்கும் வலுத்தரும் கொலாஜனின் வடிவம் எவர்க்கும் பிடிபடவில்லை எனப் பெர்னல் சொல்லக் கேட்டார். அண்டையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தை நாடினார், கொலாஜன் கிடைத்தது. தெளிவான எக்ஸ்-கதிர்ப் படத்தைத் தந்ததோ கங்காருவின் வால் தசைநாண்! (கிண்டிக்கு வந்த கங்காருவை நம்மில் ஒருவரும் பாடவில்லை.)

படம் மட்டும் போதவில்லை. கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றிலொன்று கிளைசின் என்பது வேதியியல் தந்த துப்பு. கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் மூன்று புரிகளை நிறுத்தினார். மறு ஆண்டு அவற்றை ஒன்றோடொன்று முறுக்கினார். நடுவில் இடம் மிகக் குறுகல். கிளைசினே அங்கு அடங்கும்.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று ரிச்சும் கிரிக்கும் மறுத்தனர். பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் கருத்தே நிலைத்தது. வெற்றியைவிட இம்மறுப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். ‘அப்படியாயின் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?’ என்று அவர் அளக்கத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட வரைபடம் அதன் பயன். புரதச் சங்கிலி எக்கோணங்களில் திரும்பலாம் என்பதை அது காட்டும். புதிய புரத வடிவங்களை இன்றும் அதில் இட்டே சரிபார்க்கிறார்கள். பிற அமிலங்கள் புகவியலாத பகுதிகளிலும் கிளைசின் மட்டும் உலவுகிறது. அதன் பக்கச்சங்கிலி வெறும் ஓர் ஐதரசன் அணு.