பழைய காரும் புதிய காரும்: தள்ளுபடிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய காரைச் சலுகை விலையில் வாங்குவது ஒரு குடும்பத்தின் வரவு செலவைச் சேர்ந்த விஷயம்; அதை வளர்ச்சிப் பிரச்சினையாகக் கருதிப் பேச வேண்டுமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு நோட்டீஸ் அந்த எண்ணத்தை மாற்றியது.

நாக்பூரில் பணியாற்றியபோது, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய என் காரை ஒரு விற்பனை முகவரிடம் ஒப்படைத்துப் புதிய கார் வாங்கினேன். சாவியையும் பதிவுச் சான்றிதழையும் கொடுத்தேன்; அவர் நீட்டிய படிவங்களில் கையொப்பமிட்டேன். பெயர் மாற்றத்தைத் தாமே கவனித்துக்கொள்வதாக அவர் கூறினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, நான் ஒருபோதும் சென்றிராத ஓர் ஊரில் சிவப்பு விளக்கைக் கடந்ததற்காக அபராதம் செலுத்துமாறு எனக்கு ஆணை வந்தது. நான் விற்றுவிட்டதாக நினைத்த கார், அரசின் பதிவேட்டில் இன்னும் என் காராகவே இருந்தது!

பெயர் யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே

எனக்கு அது அபராதத்தோடு போயிற்று. எல்லோருக்கும் அவ்வாறு அமைவதில்லை. 2009-ஆம் ஆண்டில் நடந்த ஒரு விபத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான்; ஒரு பெண் காயமுற்றார். அந்தக் கார் அதற்கு முன்பே பலருக்குக் கைமாறியிருந்தது. ஆயினும் பதிவேட்டில் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்பளித்தபோது, பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றும், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்றும் கூறியது. பாதிக்கப்பட்ட குடும்பம், கார் எத்தனை கை மாறியது என்று தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பதே இதன் நியாயம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்திற்குள் வாகனத்தை விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் இடையில் முகவர் ஒருவர் வாங்கி வைத்து, மாதக் கணக்கில் காத்திருந்து, வேறொருவருக்கு விற்கும்போது இந்த ஏற்பாடு வலுவிழந்துவிடுகிறது. இக்குறையைப் போக்குவதற்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் புதிய விதிகளை வெளியிட்டது. அவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, பழைய வாகனங்களை வாங்கி விற்கும் முகவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வாகனம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை 29-சி படிவத்தின் வாயிலாகத் தெரிவித்துவிட்டால், அன்று முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். இப்படி ஒரு படிவம் உண்டு என்பதைக் கார் விற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய கார் எங்கே போகிறது?

இனி, இந்த உரையின் மையக் கேள்விக்கு வருகிறேன். நாம் கொடுத்துவிட்டு வரும் கார் எங்கே போகிறது?

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கார்கள் வாங்குவோர் கைக்கு வருவதற்கு முன், நம் நாட்டில் ஒரு புதிய காருக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் பழைய கார் என்பது அரிய பொருள். இன்றோ நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. விற்பனைக் கூடமே பழைய காரை விரும்பி ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு ஏற்கப்பட்ட கார் இரண்டு வழிகளில் ஒன்றில் செல்லும். ஒன்று, மற்றொரு குடும்பத்திற்கு விற்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வரும். மற்றொன்று, உடைக்கப்பட்டு இரும்பாகவும் அலுமினியமாகவும் ஆலைக்குச் செல்லும்.

முதல் வழி தவறானதன்று. எட்டு ஆண்டுகள் ஓடிய, நன்கு பராமரிக்கப்பட்ட காரை உடைத்துப் போடுவது செல்வத்தை வீணாக்குவதாகும். ஆனால் பதினாறு, பதினெட்டு ஆண்டுகள் ஓடிப் புகை கக்கும் காரின் நிலை வேறு. டீசல் கார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெளியிடும் நுண்துகளின் வரம்பு பாரத் நிலை 4-இல் 25 மில்லிகிராம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நிலை 6-இல் அது 4.5 மில்லிகிராம். இவற்றுக்கும் முந்திய காலத்துக் கார், நகரத்திலிருந்து சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தால், புகை இடம் மாறியதேயன்றிக் குறைந்ததாகாது. இத்தகைய வாகனங்களுக்காகவே மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் வாகன உடைப்புக் கொள்கையை அறிவித்தது. இது விருப்பத்தின் பேரில் அமையும் திட்டம்.

இத்திட்டத்தின் கீழ், பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் காரை ஒப்படைப்பவருக்கு ஒப்படைப்புச் சான்றிதழ் வழங்கப்படும். வாகனம் திருட்டுப் போனதா என்று முதலில் சரிபார்க்கப்படும். பின்னர் எண்ணெய், பாட்டரி, குளிர்சாதன வாயு ஆகியவை முறையாக அகற்றப்படும். இறுதியில் பதிவும் ரத்தாகும். தெருவோரத்துக் காயலான் கடையில் இவற்றில் எதுவும் நடைபெறுவதில்லை. அங்கே கழிவெண்ணெய் மண்ணில் கலக்கிறது. பதிவேட்டில் அந்தக் கார் என்றென்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

8 லட்சம் ரூபாய் விலையுள்ள புதிய காரை வாங்குவதாகக் கொள்வோம். பழைய காரின் இரும்பு மதிப்பு, புதிய காரின் விலையில் சுமார் 4 முதல் 6 சதவீதம் என்பது அரசின் மதிப்பீடு. அதாவது 32,000 முதல் 48,000 ரூபாய் வரை. சொந்த உபயோக வாகனங்களுக்கு மோட்டார் வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடமளிக்கிறது. மாநில வரி 80,000 ரூபாய் என்றால், சலுகை 20,000 ரூபாய் வரை அமையலாம். பதிவுக் கட்டணமான 600 ரூபாயும் மிச்சம். இவை தவிர, 2024 ஆகஸ்டில் கார் உற்பத்தியாளர்கள் பலர், உடைப்புச் சான்று கொண்டு வருவோருக்கு 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தள்ளுபடியாக ஓராண்டுக்குத் தர ஒப்புக்கொண்டனர். நம் உதாரணத்தில் அது 12,000 ரூபாயாக இருந்திருக்கும். அந்தத் தள்ளுபடி இருந்த காலத்தில், ஆக மொத்தம் ஏறத்தாழ 65,000 முதல் 80,000 ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரை மாற்றிக் கொடுப்பதற்கான தள்ளுபடியும், உடைத்ததற்கான தள்ளுபடியும் ஒருவருக்கே சேர்ந்து கிடைக்கும் என்று அந்த அறிவிப்பு கூறவில்லை. முகவரிடம் காரை மாற்றிக் கொடுத்தவர், நாட்டின் உடைப்புத் திட்டத்தில் பங்கு கொண்டவர் ஆகிவிடமாட்டார். இரண்டும் வெவ்வேறு செயல்கள்.

காரை மாற்றிக் கொடுப்பவர் மூன்று தொகைகளைத் தனித்தனியே எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்: பழைய கார் இல்லாமல் புதிய காரின் விலை என்ன? பழைய காருக்குத் தரும் விலை என்ன? மாற்றுத் தள்ளுபடி என்ன? மூன்றையும் ஒரே தொகையாகக் கூறும்போது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்வது எளிது. மேலும், இழப்பீடு கோராதவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு, காரைச் சேர்ந்ததன்று, உரிமையாளரைச் சேர்ந்தது. சொந்தச் சேதக் காப்பீட்டில் இது 50 சதவீதம் வரை உண்டு. பலர் இதைப் பழைய காரோடு சேர்த்துக் கைவிட்டு விடுகின்றனர்.

பிற நாடுகளின் படிப்பினை

2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களை ஒப்படைப்போருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் வழங்கியது. முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் சில நாட்களிலேயே தீர்ந்துபோனதால் மேலும் 200 கோடி ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கு 2,500 யூரோ வழங்கியது. அமெரிக்கத் திட்டத்தில், ஒப்படைக்கப்பட்ட காரின் எஞ்சின் மீண்டும் இயங்காதபடி அழிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. பொதுப் பணம் கொடுக்கப்படுமாயின், பழைய கார் சாலைக்குத் திரும்பக் கூடாது என்ற தெளிவு அதில் இருந்தது. நம் திட்டத்தில் ரொக்க மானியம் இல்லை. வரிச் சலுகையே உண்டு. வரிச் சலுகையும் பொதுப் பணமே என்பதை நாம் மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாயிற்று. பழையதை வைத்திருப்பதன் சுமை ஏறிவிட்டது. அதை முறையாகக் கைவிடும் வழியும் அதே அளவு எளிதாக வேண்டும். உடைப்பு நிலையம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், ஏழைக் குடும்பம் காயலான் கடையையே நாடும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மாணவ நண்பர்களே! நாளை உங்கள் தந்தையோ அண்ணனோ புதிய கார் வாங்கப் புறப்படும்போது, எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பதற்கு முன், நம் பழைய கார் எங்கே போகிறது, அதற்குச் சான்று என்ன என்று கேளுங்கள். ஓடும் கார் என்றால், வேறொருவர் பெயர் ஏறிய பதிவேடு சான்று. ஓடக் கூடாத கார் என்றால், உடைப்பு நிலையத்தின் சான்றிதழ் சான்று. இவ்விரண்டில் ஒன்று கைக்கு வரும் வரை அந்தக் கார் இன்னும் உங்கள் வீட்டுக் காரே.