பிள்ளைகளின் உத்தியோகமும் கன்னட எழுத்தும்

(பாலகாட் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாம் வகுப்போடு நின்று இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம், மேடைப் பேச்சுக்குப் பழகியவர் அல்லோம். கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இத்தங்கவயலுக்கு வந்தபின், வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் திரளாகக் குடியேறினர். சுரங்கத்தில் இறங்குபவனிடம் உடல் வலிமையைக் கேட்டார்களேயன்றி, எந்த எழுத்துத் தெரியும் என்று கேட்டாரில்லை. தந்தைக்குப்பின் மகனும் இறங்கினான். 28-2-2001-இல் சுரங்கம் மூடப்பட்டதும் அவ்வாழ்வு முடிந்தது. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் ஊரகத்திலும் வண்டியேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர்.

அரசாங்க வேலையில் நமக்கு இடமில்லை என்று சிலர் சோர்வது சரியன்று. பிறந்த இடத்தை மட்டும் காரணங்காட்டி எக்குடிமகனுக்கும் அரசுப் பணி மறுக்கலாகாது என்பது அரசியலமைப்பின் 16-ஆம் விதி. இரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆதலின், விண்ணப்பம் போடாமல் இருப்பதே நம் முதற்பிழை.

தனியார் துறையின் நிலை வேறு. 2024 ஜூலையில் கர்நாடக மந்திரிசபை ஒரு மசோதாவை ஏற்றது. நிர்வாகப் பதவிகளில் நூற்றுக்கு 50-ம், மற்றவற்றில் 70-ம் உள்ளூராருக்கு என்றது அது. எதிர்ப்பு எழவே சில நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆயினும் அதில் நமக்கொரு பாடம் உண்டு. இம்மாநிலத்தில் பிறந்து, 15 ஆண்டு வசித்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவரே உள்ளூரார் என்றது அம்மசோதா. முதலிரண்டும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. மூன்றாவதில் பாதியே உண்டு.

நம் தம்பி மகன் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றான். கேட்டவற்றுக்கெல்லாம் கன்னடத்தில் தங்குதடையின்றி விடை சொன்னான். பின்பு ஒரு தாளைக் கொடுத்து, தன்னைப் பற்றிக் கன்னடத்தில் நான்கு வரி எழுதச் சொன்னார்கள். பள்ளியில் பரீட்சைக்காகப் படித்து மறந்த எழுத்து, கை ஓடவில்லை. அன்றிரவு அவன் உணவு கொள்ளவில்லை. குற்றம் அவனுடையதன்று, பேச்சுத் தெரிந்தால் போதும் என்றிருந்த பெரியவர்களாகிய நம்முடையதே.

கன்னடம் கற்றால் தமிழ் குறைந்துவிடாது. வீட்டில் தமிழ் வாழட்டும். வெளியில் கன்னடம் துணை நிற்கட்டும். இச்சங்கக் கட்டடத்தில் மாலை தோறும் ஒரு மணி நேரம் தமிழும் ஒரு மணி நேரம் கன்னடமும் எழுதப் பழக்குவோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முன்வர வேண்டுகிறோம். கரும்பலகை வாங்கும் செலவு நம்முடையது. முதல் மாணவனாகத் தம்பி மகனை நாமே அழைத்து வருவோம்.